ஊற்றும் வாய் திறக்காமல் வடிக்காதவர்

தான் செய்யாத ஒரு தவறை, அதுவும் வாழ்நாளெல்லாம் வேறு யாரையும் செய்யவிடாமல் தடுத்துவந்த ஒரு தவறை, ஒரு மனிதர் ஏன் தன் தலையில் போட்டுக்கொள்கிறார்? பத்து வருடங்களாக எனக்கு விடை தெரியவில்லை. என்னைக் காப்பாற்ற நினைத்தாரா, என் அம்மாவுக்காகவா, இல்லை, அப்பாவின் கூச்சல் அடங்கினால்தான் வேலை நடக்கும் என்று பார்த்தாரா? மூன்றில் இதுதான் என்று முடிவு செய்த நாட்கள் உண்டு. மறுநாளே அது பொருந்தாமல் போய்விடும்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. கடலூர் முதுநகரில் எங்கள் தெருவுக்கு அவர் ‘போட்டு மெக்கானிக்’. துறைமுகத்தில் விசைப்படகுகளின் இன்ஜின் பார்ப்பதுதான் அவருடைய தொழில். கார்களைப் பார்ப்பது தெருவுக்காக. கடலோரக் கிராமம் ஒன்றில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் தெருக்கோடியில் குடிவந்தவர். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவருக்கு நாற்பது இருக்கும். நான் அவரை அண்ணன் என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். வயதில் மூத்த ஆண்கள் எல்லாரும் அவருக்கு மாமாதான். பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற என் அப்பாவும் அதில் அடக்கம்.

எங்களிடம் ஒரு பழைய டீசல் கார் இருந்தது. எங்களுக்கு முன்பே இரண்டு பேர் ஓட்டித் தள்ளியது. அதை அப்பா வாங்கியது அம்மாவுக்காக. அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு மணிக்குச் சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ். ஆறு மணிக்கு அந்தக் கட்டிலில் ஆள் இல்லையென்றால் காத்திருக்கும் இன்னொருவருக்கு அது போய்விடும். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது, காத்திருப்பவரும் நோயாளிதான். ஆனால் ஒரு முறை தவறினால் அம்மாவின் கால்கள் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டும். திரும்பி வரும்போது பின்சீட்டில் என் மடியில் தலைவைத்துப் படுத்தே வருவார். பஸ் அவருக்கு முடியாத காரியம்.

அந்தக் காரில் ஒருமுறை கியர் விழ மறுத்தது. கியர் எண்ணெய் மாற்ற வேண்டும் என்று அப்பா அவரை அழைத்துவந்தார். அன்றைக்குத்தான் அவருடைய குணத்தை முதலில் பார்த்தேன்.

கியர் பெட்டிக்குத் திருகி மூடும் அடைப்புகள் இரண்டு. அடியில் இருப்பது பழைய எண்ணெயை வடிக்க. பக்கவாட்டில், சற்று மேலே இருப்பது புதியதை ஊற்ற. யாராக இருந்தாலும் முதலில் கீழே உள்ளதைத்தான் கழற்றுவார்கள். அழுக்கை வெளியேற்றிவிட்டுத்தானே நல்லதை ஊற்றுவோம்? அவர் மேலே உள்ளதில் ஸ்பேனரை வைப்பார். அது அசைந்து, ஒரு சுற்றுச் சுற்றி, கையாலேயே எடுக்கலாம் என்ற நிலைக்கு வந்த பிறகுதான் கீழே உள்ளதைத் தொடுவார்.

எங்கள் காரில் மேலே உள்ளது அசையவில்லை. மழைக்காலத்தில் தெருவில் பாதிச் சக்கரத்துக்குத் தண்ணீர் நின்ற ஊர் அது. மற்ற நாட்களில் உப்புக்காற்று. அவர் கம்பி பிரஷ்ஷால் சேற்றைச் சுரண்டினார். துருவை இளக்கும் எண்ணெயை அடைப்பைச் சுற்றிச் சொட்டவிட்டார். சுத்தியலால் நாலு தட்டு தட்டினார், தூங்குகிற வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“எங்கய்யா போற?” என்றார் அப்பா.

“ஊறட்டும் மாமா. நாளைக்கு வரேன்.”

“கீழ உள்ளதயாவது வடிச்சுட்டுப் போயேன். வேல பாதி முடிஞ்சுரும்ல?”

“வடிக்கிறதுக்கு ஒரு வாயி, ஊத்தறதுக்கு ஒரு வாயி. ஊத்தற வாயி தொறக்காம வடிச்சு என்னா பண்றது? வண்டிய வாசல்ல நிறுத்தி மால போடலாம்.”

அடுத்த நாள் வந்து மறுபடி எண்ணெய், மறுபடி தட்டல். கழற்றுவதற்கு முன் ஒரு மயிரிழை இறுக்கிப் பார்ப்பார். இறுக்கினால் துருவின் பிடி உடையும், அப்புறம் இளகும் என்பார். மூன்றாம் நாள் அப்பா பொறுமை இழந்து தன் ஸ்குரூ ஸ்பேனரைக் கொண்டுவந்து நீட்டினார். எந்த அளவுக்கும் வாயைத் திருகி வைத்துக்கொள்ளலாமே, அது.

“இது எல்லா நட்டுக்கும் பொருந்தும் மாமா. அதனால எந்த நட்டுக்கும் சரியாப் பொருந்தாது. மூல மழுங்கிச்சுன்னா அப்புறம் சாமி வந்தாலும் தொறக்காது.”

“ஒரு நட்டக் கழட்ட மூணு நாளாய்யா?”

“நட்டு இல்ல, நாலு வருசத்துத் துரு. அதுகிட்ட கேட்டுட்டுத்தான் கழட்டணும்.”

“கேளு, கேளு. என்னா சொல்லுதுன்னு எனக்கும் சொல்லு.”

நான்காம் நாள் அது திறந்தது. மூலைகள் ஆறும் அப்படியே இருந்தன. அந்த முறை எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

அவருடைய இந்தக் குணம் கியர் பெட்டியோடு நிற்காது. மாடித் தொட்டியைக் கழுவ வேண்டும் என்றால் முதலில் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொட்டியைக் காலி செய்வார். எனக்கு உள்ளூரில் ஒரு சிறிய வேலை இருந்தபோது, பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து அழைப்பு வரும் என்று நம்பி அதை விடப்போனேன். “தாளு கைக்கு வந்துச்சா தங்கச்சி?” என்று மட்டும் கேட்டார். வரவில்லை. நான் விடவில்லை. அந்த அழைப்பு கடைசிவரை வரவே இல்லை. அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்று சிரிப்பார்: “எங்கூட்டுல சோத்துப் பானய கழுவணும்னா கூட இவரு மொதல்ல அரிசி இருக்கான்னு எட்டிப் பாப்பாரு. கண்ணாலத்துக்கு முன்னாடி எங்கப்பாவ எத்தன கேள்வி கேட்டாருன்னு எனக்குல்ல தெரியும்.”

எங்கிருந்து இந்தப் பழக்கம் என்று அம்மாதான் ஒருநாள் கேட்டார். அவர் சாதாரணமாகச் சொன்னார். வாலிப வயதில் கடலுக்குப் போனபோது கியர் பெட்டியில் தண்ணீர் கலந்துவிட்டது. கூட இருந்த இன்னொருவர் அவசரப்பட்டு எண்ணெயை வடித்துவிட்டார். ஊற்றுகிற அடைப்பு திறக்கவில்லை. இன்ஜின் ஓடுகிறது, படகு நகரவில்லை. ஒரு பகல், ஒரு ராத்திரி அலையில் கிடந்தார்கள். பரங்கிப்பேட்டைப் படகு ஒன்று கண்டு கயிறு கட்டி இழுத்துவந்தது.

“ரோட்டுல நின்னா எறங்கி நடக்கலாம்மா,” என்றார். “அங்க எங்க எறங்கறது?”

யார் வடித்தது என்று அம்மா கேட்டார். அதை மட்டும் அவர் சொல்லவில்லை. “செத்துப்போன ஆளும்மா. அவரு பேரு எதுக்கு?”

இனி அந்த வியாழக்கிழமை. முதல் முறைக்கு இரண்டு வருடம் கழித்து, மறுபடி கியர் எண்ணெய் மாற்ற வேண்டி வந்தது. இந்த முறையும் மேல் அடைப்பு பிடித்துக்கொண்டது. திங்கள்கிழமையிலிருந்து ஊறவைத்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை சிதம்பரம் போய்வந்தோம். இரண்டாவது கியர் கத்தியது. வியாழன் மதியம் இரண்டு மணிக்கு வருகிறேன் என்றவர், துறைமுகத்தில் ஒரு படகு இன்ஜின் மாட்டிக்கொண்டதால் மூன்றரை ஆகியும் வரவில்லை. அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். அப்பா ஊசி மருந்து வாங்க மஞ்சக்குப்பம் போயிருந்தார். போகும்போது, “இன்னிக்கு முடியலன்னா நாளைக்கு எப்புடிப் போறது?” என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார்.

நான் பொறியியல் படித்தவள். பக்கத்தில் நின்று எத்தனையோ முறை பார்த்தவள். எண்ணெய் முழுவதும் சொட்டி வடிய வெகு நேரம் ஆகும். அதை மட்டும் செய்துவைத்தால் அவர் வந்ததும் ஊற்றுவதுதானே பாக்கி என்று தோன்றியது. மேல் அடைப்பைத்தான் முதலில் முயன்றேன், அவர் முறைப்படி. ஆனால் அவருடைய ஸ்பேனர் இல்லை. அப்பாவின் ஸ்குரூ ஸ்பேனரை வைத்து இழுத்தேன். வழுக்கியது. மறுபடி இழுத்தேன். அது திறக்கவில்லை. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான்கு நாளாக ஊறுகிறதே, அவர் கை பட்டால் திறந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கீழ் அடைப்பு எளிதாகத் திரும்பியது. கறுப்பு எண்ணெய் பேசினில் இறங்கியது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இன்று என் ஐந்து வயது மகள் எதையாவது கொட்டிவிட்டு, “ஹெல்ப்புதானம்மா பண்ணேன்” என்று நிற்கும்போது எனக்கு அதட்ட வாய் வருவதில்லை. இது நல்ல வளர்ப்பா என்றும் தெரியவில்லை.

அவர் நாலு மணிக்கு வந்தார். பேசினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காருக்கு அடியில் படுத்து, மேல் அடைப்பைக் கட்டைவிரலால் தடவினார்.

“மேல உள்ளதுல எதப் போட்ட?”

“அப்பாவோட ஸ்குரூ ஸ்பேனர்ண்ணே.”

“ம். ரெண்டு மூல போயிருச்சு.” விரலைத் துணியில் துடைத்தார். பிறகு, “வடிச்சதக் கொட்டிட்டியா?”

“இல்லண்ணே. ஒரு சொட்டு கூட கொட்டல. பேசின்லதான் இருக்கு.”

“அது போதும்.”

அந்த நேரத்தில் அப்பாவின் சைக்கிள் வாசலில் நின்றது. அப்பாவுக்குப் பேசினைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அவருக்கும் அந்தப் பாடம் இரண்டு வருடமாக மனப்பாடம்.

“மேல தொறந்துதா?”

“இல்ல மாமா.”

“அப்ப வடிச்சது யாரு?”

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் இதுநாள்வரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

“நாந்தான் மாமா,” என்றார் அவர், அடியில் படுத்தபடியே. “அவசரத்துல கைய வச்சுட்டேன்.”

“ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லுவ. என் பொண்டாட்டி உசுருலதான் ஒனக்கு அவசரம் வந்துச்சாய்யா?”

“தப்புதான் மாமா. விடியக்கால நாலரைக்கு வண்டி வாசல்ல நிக்கும். வெளிச்சம் மறைக்குது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

அப்பா வாடகைக் காருக்கு ஆளாளுக்குப் போன் செய்தார். மறுநாள் பெரிய முகூர்த்தம். கடலூரில் ஒரு வண்டியும் இல்லை. ஒவ்வொரு போனுக்கும் நடுவே வாசலுக்கு வந்து ஒரு வசவு வைத்துவிட்டுப் போனார். அண்ணன் என்னிடம் ஒரு லிட்டர் டப்பாவைக் கொடுத்து, “பேசின்ல உள்ளத அளந்து சொல்லு. சரியா அளக்கணும், அவ்ளோதான் திரும்ப ஊத்தணும்” என்றார்.

அவர் காருக்குள் ஏறி, கியர் கம்பியின் அடியில் இருந்த ரப்பர் உறையை உரித்தார். சுற்றிலும் ஈரத்துணி விரித்தார், ஒரு மணல்கூட உள்ளே விழக்கூடாது என்று. மூடியின் மூன்று போல்ட்டுகளைக் கழற்றிக் கம்பியை அப்படியே மேலே உருவினார். கீழே இருட்டாக ஒரு துளை. அதற்குள் கியர் பற்கள் தெரிந்தன.

“இது வழி இல்ல தங்கச்சி, சந்து,” என்றார். “எப்பவும் இதுல போவக்கூடாது. இன்னிக்குப் போறோம். எவ்ளோ வந்துச்சு?”

ரெண்டு லிட்டருக்கு ஒரு டம்ளர் குறைவு என்றேன். தரையில் எவ்வளவு சிந்தியது என்று கேட்டார். உள்ளங்கை அளவு கறையைக் காட்டினேன். அவர் எழுந்து வந்து பேசினைச் சரிபார்க்கவில்லை. நான் சொன்ன அளவை அப்படியே எடுத்துக்கொண்டு, கறைக்காக ஒரு மடக்கு சேர்த்து, புனல் வைத்துப் புது எண்ணெயை மெதுவாக ஊற்றினார். கீழ் அடைப்பை அதற்கு முன்பே, சட்டைப்பையிலிருந்து புதுச் செம்பு வாஷர் எடுத்துப் போட்டு, இறுக்கி மூடியிருந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ரயில்வே கேட் வரை ஓட்டிப்போய்த் திரும்பிவந்தார். இரண்டாவது கியர் கத்தவில்லை.

விடியற்காலை நாலரைக்கு அவரும் வாசலில் நின்றார். யாரும் கூப்பிடவில்லை. மடியில் ஒரு எண்ணெய் டப்பாவோடு முன்சீட்டில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சிதம்பரம் வரை வந்தார். அப்பா அவரிடம் பேசவில்லை.

“தூங்கலயா தம்பி?” என்றார் அம்மா பின்னாலிருந்து.

“கடல்காரனுக்கு இதாம்மா விடிஞ்ச நேரம்.”

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் போய்ச் சேர்ந்தோம். அப்பா சக்கரநாற்காலி எடுக்க உள்ளே ஓடினார். அந்த இடைவெளியில் நான், “அண்ணே, அப்பாகிட்ட நான்…” என்று ஆரம்பித்தேன்.

“மொதல்ல அம்மாவ எறக்கு,” என்றார்.

அதன் பிறகு நான் ஆரம்பிக்கவில்லை. அவர் என்னை நிறுத்தினாரா, இல்லை, அம்மாவை இறக்கச் சொன்னார், அவ்வளவுதானா? இரண்டாவதாக இருந்தால், ‘முதலில்’ என்ற சொல்லுக்குப் பிறகு வரவேண்டிய ‘அப்புறம்’ என் பொறுப்பு அல்லவா?

மழுங்கிய அந்த அடைப்பை அவர் விடவில்லை. தினமும் வேலை முடிந்து வரும் வழியில் எண்ணெய் விட்டு, தட்டிவிட்டுப் போவார். மூலைகளை அரத்தால் ராவி, ஒரு அளவு சிறிய ஸ்பேனர் இறுக்கமாக உட்காரும்படி செய்தார். பதினேழாம் நாள் ஸ்பேனர் பிடியில் பைப்பைச் செருகி நிதானமாகச் சாய்ந்தார். டிக் என்று ஒரு சத்தம். அப்பாவும் குனிந்து பார்த்தார். அடைப்பை எடுத்ததும் துளையின் உதட்டிலிருந்து எண்ணெய் ஒரு நூலாக வழிந்து, நின்றது. அளவு அதுதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“சரியா ஊத்தியிருக்கியேய்யா,” என்றார் அப்பா. பதினேழு நாளில் அவரிடம் பேசிய முதல் நல்ல வார்த்தை.

“தங்கச்சிதான் மாமா அளந்துச்சு.”

எனக்குச் சேரவேண்டிய பெருமையை அப்பாவின் முன்னால் என் கையில் கொடுத்தார். எனக்குச் சேரவேண்டிய பழியைத் தானே வைத்துக்கொண்டார். இப்படி ஒரு மனிதரோடு ஒரே தெருவில் இருந்தேன் என்பதில் எனக்கு உள்ள பெருமையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அதன் பிறகு அம்மா இரண்டு வருடம் இருந்தார். அந்த இரண்டு வருடத்தில் வண்டி கோளாறால் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை.

அப்பா கோபத்தை மறந்துவிட்டார், கதையை மறக்கவில்லை. டீக்கடையில், கோயில் வாசலில், யாராவது காரைப் பற்றிப் பேச்செடுத்தால், “இவன் இருக்கானே, ஊத்தற வாயி, ஊத்தற வாயின்னு ஊருக்கே சொல்லுவான். எங்கூட்டு வண்டியில வந்து மாட்டுனான் பாரு” என்று ஆரம்பிப்பார். பாசமாகத்தான் சொல்வார். துறைமுகத்து ஆட்கள் காதிலும் அது விழுந்தது. யாராவது அடைப்பைக் கழற்றப்போகும்போது அவர் தடுத்தால், “ஜாஸ்தி பேசாத மச்சான், ஒன் கத தெரியும்” என்பார்களாம். அவர் சிரித்துவிட்டு, மேல் அடைப்பைத்தான் முதலில் கழற்றச் சொல்வாராம். தன் சொல்லுக்கு இருந்த மரியாதை குறைந்த பிறகும் சொல்வதை அவர் நிறுத்தவில்லை.

இரண்டு வருடம் முன்பு நெஞ்சுவலியில் இறந்துபோனார். நான் கல்யாணமாகிச் சிதம்பரம் வந்துவிட்டிருந்தேன். அப்பாவும் எங்களோடுதான் இருக்கிறார். காரியத்துக்கு அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். அங்கேயும் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்தக் கதையைச் சொன்னார். அக்காவுக்கு அது தெரியாது. அவர் வீட்டில் சொன்னதே இல்லை.

“அவரா மாமா? அவரு அப்புடிச் செய்ய மாட்டாரே,” என்றார் அக்கா. கொஞ்சம் யோசித்தார். “இன்னா அவசரமோ. வேல ஜாஸ்தி அப்பல்லாம்.”

இருபது வருடம் கூடவே இருந்து பார்த்த மனிதரைப் பற்றி அந்த ஒரு நிமிடத்தில் அக்காவின் மனதில் ஒரு சந்தேகம் விழுந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூடம் நிறைய ஆட்கள். சொல்லவில்லை.

இப்போது அவருடைய மகளுக்கு வருகிற தையில் கல்யாணம். பத்திரிகை வைக்கச் சிதம்பரம் வருகிறேன் என்று அக்கா போன் செய்தார். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். “மாப்ள கிட்ட மாமனார் கதயச் சொல்லணும்” என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். புது மருமகன் தன் மாமனாரைப் பற்றி முதன்முதலில் கேட்கப்போவது அதுவாகத்தான் இருக்கும்.

என் கணவர், “பழைய கதை, விட்டுடு. மாமாவுக்கு எழுபத்தெட்டு வயசு” என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அம்மாவின் உயிரோடு விளையாடியது பெற்ற மகள் என்று அப்பா அறிந்தால் எனக்கு என்ன ஆகும் என்பதுகூடப் பரவாயில்லை. வாசலில் நின்று தான் வைத்த வசவுகளை எல்லாம் அவர் ஒவ்வொன்றாக நினைத்துப்பார்ப்பார். மன்னிப்புக் கேட்க அந்த மனிதர் இல்லை. அந்த வயதில் அதைத் தாங்குவாரா என்று தெரியவில்லை. தாங்குவார் என்றும் சில சமயம் தோன்றுகிறது.

வயதான தகப்பனோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் எனக்கு யோசனை சொல்லுங்கள். அக்கா பத்திரிகையோடு வருவதற்கு முன்பே அப்பாவைத் தனியே உட்காரவைத்துச் சொல்லிவிடுவதா? அக்கா வந்த பிறகு, இருவர் முன்னாலும் ஒரே தடவையில் சொல்லி, வருவது வரட்டும் என்று நிற்பதா? இல்லை, அக்காவைத்தான் முதலில் பார்த்து, கடலூருக்கே போய்ச் சொல்ல வேண்டுமா? எது சரியென்று படுகிறதோ எழுதுங்கள். சொல்லாமலே இருந்துவிடு என்று மட்டும் எழுதவேண்டாம். அதைத்தான் பத்து வருடமாகச் செய்துபார்த்துவிட்டேன்.